திரை தருவது காற்பங்கே

(விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



இணையவழி வகுப்புகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியலும் நிரலாக்கமும் கற்பித்தல் என்னும் பொருளில் பேசுமாறு அறக்கட்டளைப் பெரியோர்கள் பணித்தார்கள். மேல்நிலை வகுப்புகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி அறிவியல் கற்பித்து வருகிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அண்மைக் காலமாக நம் இல்லத்துத் தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சார், பையனை ஆன்லைன் கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா? ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள்.” இவ்வுரை அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே ஆகும். அவ்விடைக்குச் செல்லுமுன், ஆசிரியன் என்ற முறையில் நான் செய்த ஒரு தவற்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முன்னரே, 2019 ஆகஸ்டு 26 அன்று தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியிருந்தது. வீட்டில் அடைபட்ட பிள்ளைகளுக்கு அது பேருதவியாயிற்று. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் கைப்பேசியின் முன் அமர்ந்து பாடம் நடத்தினோம். பன்னிரண்டாம் வகுப்பின் கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்பிக்கிறது. 2021ஆம் ஆண்டு அதனைத் திரை வழியே நடத்தினேன். என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். சிறுமுகைப் பக்கத்துப் பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஒருநாளும் வகுப்புக்குத் தவறியதில்லை. வீட்டுப்பாடத்தை அழகிய கையெழுத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புவாள். நிரலும் சரியாக இருக்கும். அதன் வெளியீடும் சரியாக இருக்கும். நான் முழு மதிப்பெண் வழங்கி மகிழ்ந்தேன்.

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. ஆய்வகத்தில் அப்பிள்ளை கணினி முன் அமர்ந்தாள். விசைப்பலகையில் கை வைக்கத் தயங்கினாள். வீட்டில் கணினி இல்லை. இருந்தது தந்தையின் கைப்பேசி ஒன்றே. திரையில் நான் காட்டிய நிரலையும் விடையையும் பார்த்து எழுதினாளே அன்றி, ஒரு நிரலையும் அவள் இயக்கிப் பார்த்ததில்லை. ஒன்று முதல் ஐந்து வரை அச்சிடும் நிரலைக் காட்டி, “ஐந்துக்குப் பதிலாகப் பத்து என்று மாற்றினால் என்ன வரும், அம்மா?” என்று கேட்டேன். விடை இல்லை, கண்களில் நீர் கோத்தது. பிழையே இல்லாத அந்த ஏடுகளைக் கண்டு நான் மயங்கியிருக்கக் கூடாது. நிரல் எழுதப் பழகும் பிள்ளை பத்துப் பிழை செய்யாமல் ஒரு சரியான நிரலை எழுதிவிட முடியாது. பிழை வராத இடத்தில் கற்றலும் நிகழவில்லை என்று நான் உணர்ந்திருக்க வேண்டும். குறை அவளுடையதன்று, என்னுடையது.

மறுநாள் அவளிடம் தறியைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் வீட்டில் இருப்பது ஜக்கார்டு தறி. தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை மீண்டும் வரும். சேலையில் பூவும் மீண்டும் வரும். இதனை எனக்கு விளக்கியவள் அவளே. “ஓர் அட்டையில் துளை தவறினால் என்ன ஆகும்?” என்றேன். “எல்லாப் பூவும் ஒரே இடத்தில் கோணிப் போகும், ஐயா. எந்த அட்டை என்று அப்பா தேடி மாற்றுவார்” என்றாள். நிரலாக்கத்தில் மடக்கு என்று நாம் சொல்வதும், பிழை நீக்கம் என்று சொல்வதும் அவ்வளவே. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் வகுத்த அந்த அட்டை முறையைக் கண்டுதான், இங்கிலாந்தின் சார்லசு பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்தில் துளையட்டைகளைச் சேர்த்தார் என்றும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. விரைவிலேயே, பின்தங்கிய மாணவர் நால்வருக்கு அவளே மடக்கைக் கற்பித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு நன்னூலை எடுத்துப் படித்தேன். அதனை இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமண முனிவர். சீயகங்கன் என்னும் மன்னன் வேண்ட அந்நூலைச் செய்தவர். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே அவர் ஊர் என்பது கொங்கு நாட்டில் வழங்கும் கொள்கை. நன்னூலை இலக்கண நூல் என்று மட்டும் எண்ணி மூடி வைத்துவிடுகிறோம். ஆனால் எழுத்தையும் சொல்லையும் தொடுமுன், ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும், மாணவன் எப்படிக் கேட்க வேண்டும் என்பவற்றை அதன் பொதுப்பாயிரம் விரிவாகச் சொல்கிறது. அதில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்பங்கு வருகிறது. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்புகிறது.

இக்கணக்கை இணைய வகுப்போடு பொருத்திப் பாருங்கள். திரை எவ்வளவு தெளிவாக இருப்பினும், ஆசிரியர் எவ்வளவு வல்லவராயினும், அது தருவது முதற் காற்பங்கே. நாம் பணம் கட்டுவது அந்தக் காற்பங்கிற்கு. மற்ற முக்காற்பங்கையும் அதுவே தந்துவிடும் என்று நம்பியதுதான் நானும் பெற்றோரும் செய்த பிழை.

அந்நம்பிக்கையை விற்பவர்களும் உண்டு. 2018இல் தொடங்கப்பெற்ற வைட்ஹேட் ஜூனியர் என்னும் நிறுவனம் சிறுவர்க்கு இணையவழி நிரலாக்கம் கற்பித்தது. 2020 ஆகஸ்டில் பைஜூஸ் நிறுவனம் அதனை 30 கோடி டாலருக்கு வாங்கியது. நிரலாக்கம் கற்றுக் கூகுளில் கோடிக்கணக்கில் ஊதியம் பெற்றதாக அதன் விளம்பரங்களில் வந்த சிறுவன் ஒரு கற்பனைப் பாத்திரம். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு தலையிட்ட பின்னர் அந்நிறுவனத்தின் விளம்பரங்கள் சில விலக்கிக்கொள்ளப்பட்டன. அங்குக் கற்பித்த ஆசிரியர்களை நான் குறைகூறவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் குறித்துப் பெற்றோர் உள்ளத்தில் எழும் அச்சத்தை மூலதனமாகக் கொள்ளும் எந்த விளம்பரத்தையும் நாம் நிதானத்தோடு நோக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

அவ்வாறாயின் திரைவழிக் கல்வியே வேண்டாவா? அப்படிச் சொல்வதற்கில்லை. எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் ‘ஏ-வியூ’ என்னும் மெய்நிகர் வகுப்பறை மென்பொருளை உருவாக்கியது. மும்பை ஐ.ஐ.டி. நாடெங்கும் உள்ள பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆயிரக்கணக்கில் பயிற்சி தர அதனைப் பயன்படுத்தியது. அப்பயிற்சியின் அமைப்பு நம் கவனத்திற்குரியது. விரிவுரை மும்பையிலிருந்து திரையில் வரும். கேட்போர் தத்தம் வீட்டில் தனித்து அமர்வதில்லை. அருகிலுள்ள கல்லூரி ஒன்றில் கூடுவர். முன்னரே பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் அங்கிருந்து செய்முறைகளை நடத்துவார். தொலைவிலிருந்து பாடம் வந்தது. பக்கத்தில் துணை இருந்தது. வயது வந்த பேராசிரியர்களுக்கே அத்துணை தேவைப்பட்டதென்றால், பத்து வயதுப் பிள்ளையைத் தனியறையில் திரையோடு விட்டுக் கதவைச் சாத்துவது எவ்வளவு பொருந்தும்?

“எனக்குக் கணினி தெரியாதே, நான் எப்படித் துணையிருப்பது?” என்று தாய்மார்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு விடை உண்டு. சுகதா மித்ரா, ரீத்து தங்வால் என்னும் ஆய்வாளர் இருவர் காளிக்குப்பம் என்னும் தென்னிந்தியச் சிற்றூரில் தமிழ் பேசும் சிறுவர்களிடையே ஓர் ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்டனர். ஆங்கிலத்தில் அமைந்த உயிரியல் பாடத்தைக் கணினியில் வைத்துச் சிறுவர்களைக் குழுவாகப் பயில விட்டனர். ஆசிரியர் இல்லாமலே ஓரளவு கற்றனர். பின்னர், அப்பாடத்தை அறியாத, ஆயினும் சிறுவர்களோடு அன்பாகப் பழகும் ஒருவர் அருகிருந்து, “அப்படியா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்” என்று ஊக்கினார். தில்லியின் வசதிமிக்க தனியார் பள்ளி மாணவர் பெற்ற அளவுக்கு அச்சிறுவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. நம் வீட்டுப் பாட்டிமாரால் இயலாததா இது? பேரன் எழுதிய நிரலை “எனக்குப் புரியும்படி சொல், கண்ணு” என்று கேட்டாலே போதும். பவணந்தியார் சொன்ன அரைப்பங்கு அங்கே தொடங்கிவிடும்.

இக்காலத்தில் இயந்திரமே நிரல் எழுதித் தருகிறதே, பிள்ளைகள் ஏன் கற்க வேண்டும் என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். அது எழுதித் தருவது சரியா தவறா என்று காண ஓர் அறிவு வேண்டும் அல்லவா? கோணிய பூவைக் கண்டதும் எந்த அட்டையில் பிழை என்று தேடும் அறிவு அது. எல்லாப் பிள்ளைகளும் மென்பொருள் வேலைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஒரு பெரிய செயலைச் சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் சோதித்து, தவற்றை மறைக்காமல் திருத்திக்கொள்ளும் பழக்கம் எல்லார்க்கும் வேண்டும்.

ஆகவே அறக்கட்டளைப் பெரியோர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, குடும்பந்தோறும் தனித்தனியே பணம் கட்டுவதை விட்டு, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்னும் முறையில் இம்மண்டபத்தில் அவர்களைக் கூட்டுங்கள். சிறுவர்க்கான ‘ஸ்க்ராட்ச்’ 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வெளியிட்ட இலவச மென்பொருள், பைத்தானும் இலவசமே. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியும் நமக்கு உண்டு. வெளியூர் ஆசிரியர் திரையில் பாடம் நடத்தட்டும். பிள்ளைகள் ஒருங்கே அமர்ந்து கேட்கட்டும்.

இரண்டாவது, மேல்வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரும் கீழ்வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு ஆசிரியராக வேண்டும். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் இப்பொறுப்பைக் கொடுங்கள். என் மாணவி அதனால்தான் தேறினாள்.

மூன்றாவது நம் சமூகத்திற்கே உரியது. நாம் வேலையின் பொருட்டுக் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வாழ்கிறோம். நம் உறவினர் பலர் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களில் இன்றும் வாழ்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குச் சென்றால்தான் பிள்ளைகள் ஒருவரையொருவர் காண்கிறார்கள். தொலைவைக் குறைப்பதே திரையின் மெய்யான பயன். ஆதலால் இம்மண்டபத்துப் பிள்ளைகள் கற்றதை, அவ்வூர்களில் ஒன்றாகக் கூடியிருக்கும் பிள்ளைகளுக்குத் திரை வழியே கற்பிக்கட்டும். இவர்களுக்கு அரைப்பங்கு நிரம்பும். அவர்களுக்குக் காற்பங்கு கிட்டும்.

நம் முன்னோர் ஏடுகளைப் படியெடுத்து வழங்கியதைச் சாத்திர தானம் என்று போற்றினார்கள். ஏட்டைக் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை; பள்ளிகளில் அமர்ந்து பொருளும் உரைத்தார்கள். நாமும் பிள்ளைகள் கையில் கருவியைக் கொடுத்ததோடு நின்றுவிடலாகாது.

தொடக்கத்தில் சொன்ன தாய்மாரின் கேள்விக்கு இதோ விடை: சேருங்கள், அம்மா. தனியே சேர்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள், வாரம் ஒருமுறை அருகில் அமர்ந்து, “இன்று என்ன தவறு செய்தாய், அதை எப்படிச் சரிசெய்தாய்?” என்று கேளுங்கள். அக்கேள்வியை அன்று நான் கேட்கத் தவறினேன். நீங்கள் தவற வேண்டா.

 அறம் வளர்க!