கல்லுக்கு உரியவர் யார்?

(அரசு, அதிகாரம், குமுகாயம் பற்றிய பொழிவு)



கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் நிற்கும் கீழணையைக் காணாதவர் இவ் வட்டாரத்தில் இரார். 1836 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் அவ் வணையைக் கட்டியபொழுது, கல்லுக்காக நெடுந்தொலைவு அலையவில்லை. அருகிலிருந்த கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் சுற்றுமதிலையே பெயர்த்து எடுத்துக்கொண்டனர். ஊர்மக்கள் வாளா இருந்தாரல்லர், தடுத்தனர். தடுத்தவர்கள் ஆணையை மதியாதவர்கள் என்று தண்டிக்கப்பட்டனர். போன கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும் என்று ஓர் உறுதிமொழி மட்டும் கிடைத்தது. அவ் வுறுதிமொழி காக்கப்படவேயில்லை என்பதையும், அக் கோயிலின்மேல் எவ்வகை உரிமையும் காட்டவியலாத ஓர் அரசின் ஆட்கள் செய்த அழிவு அது என்பதையும் 1855 ஆம் ஆண்டின் ஆங்கில வெளியீடொன்றே எழுதிவைத்துவிட்டது. பகைவன் எழுதிய சான்று என்பதால் அதற்கு மதிப்பு மிகுதி.

அரசியல் நூல்கள் பல நூறு பக்கங்களில் விரித்துரைப்பன அனைத்தும் இவ் வொரு நிகழ்ச்சிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆணையிட்ட கும்பினி, அரசு. கல்லைப் பெயர்க்கவும், 'பெயர்க்காதே' என்றவனைத் தண்டிக்கவும் அதற்கு வாய்த்திருந்த இறுதிச் சொல், அதிகாரம். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக அம் மதிலின் நிழலில் வாழ்ந்து, அதனைத் தன்னுடையதென்று கருதி, தடுத்து, தண்டனையும் பெற்ற ஊர், குமுகாயம். இம் மூன்றும் ஒன்றே என்று மயங்குவதுதான் தமிழரின் அரசியல் அறியாமையில் தலையாயது. அரசில் தமிழர் அமர்ந்துவிட்டால் அதிகாரம் தமிழர்க்கு வந்துவிட்டது என்கின்றனர் சிலர். அதிகாரம் சென்னைக்கு வந்துவிட்டால் அது குமுகாயத்துக்கே வந்துவிட்டது என்கின்றனர் வேறு சிலர். இரண்டும் பிழை என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போகவேண்டுவதில்லை. பெரம்பலூரும் அரியலூருமே போதும்.

சோழர் காலத்தைப் பொற்காலம் என்று வாய்நிறையப் புகழ்வோர்க்கும் இங்கே ஒரு சொல் உண்டு. இராசேந்திரன் எடுத்த பேரேரியாகிய சோழகங்கத்தை, அவன் நாட்டிய நீர்மயமான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாராட்டுகிறது. அதனைத் தோண்டிய கைகளைப் பற்றி அச் செப்பேட்டில் ஒரு வரியும் இல்லை. ஆயினும் காலம் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறது. அரசன் வாழ்ந்த மாளிகைமேட்டில் இன்று எஞ்சியவை செங்கல் அடித்தளங்களே. ஏரியோ பொன்னேரி என்னும் பெயரில் இன்றும் ஏரியாகவே இருக்கிறது. குமுகாயம் தன் கையில் வைத்துக் காத்தது நின்றது. அரசு தனக்கெனக் கட்டிக்கொண்டது மண்ணாயிற்று.

இனி, கல்லுக்கே திரும்புவோர் அரியலூரின் சுண்ணாம்புக்கல்லைப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு கோடி ஆண்டுகட்கு முந்திய மரம் ஒன்று சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கிறது. கடல் இப் பகுதியை மூடியிருந்த காலத்தின் எச்சம் அது. அக் கடலின் சிப்பியும் கிளிஞ்சலும் படிந்து இறுகியதே இவ் வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல். உலக நிலவியலார் 'அரியலூர்' என்னும் பெயரைப் பாறை அடுக்கு ஒன்றுக்கே வைத்து வழங்குகின்றனர். அக் கல்லை நம்பி வந்தவையே இங்குள்ள பைஞ்சுதை (சிமெண்டு) ஆலைகள் அனைத்தும். 1979 இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய ஆலையும் அவற்றுள் ஒன்று. நாடெங்கும் எழும் மாடங்களுக்கும் பாலங்களுக்கும் அரியலூர் மண் பொடியாகிப் போகிறது. ஊரில் எஞ்சுபவை ஆழக் குழிகளும், சுமையுந்துகள் எழுப்பும் புழுதியும்.

அக் கல்லுக்கு விலை சொல்பவர் யார்? குழியைப் பார்த்துக்கொண்டு வாழும் ஊராட்சியன்று, சென்னையுமன்று. 1957 ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி, சுண்ணாம்புக்கல்லுக்கு அரசு பெறவேண்டிய உரிமத் தொகையை, அலுவலகங்களில் ராயல்டி என வழங்குவதை, வரையறுப்பது தில்லி. 2014 இல் தில்லி வரையறுத்த தொகை டன் ஒன்றுக்கு 80 உருபா. தமிழ்நாட்டரசு அதனைத் தண்டிக்கொள்ளலாம், கூட்டமுடியாது. தன் தோட்டத்து மாங்காய்க்கு அடுத்த தெருக்காரன் விலை வைக்கும் நிலை இது.

இதனுள் மறைந்து கிடக்கும் ஒரு வழக்கை இவ் வட்டாரத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். 1958 ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நிலவரியின்மேல் ஊராட்சிகளுக்கென ஒரு மேல்வரியை விதித்தது. நிலவரி உருபா ஒன்றுக்கு 45 காசு. 1964 இல் அச் சட்டம் திருத்தப்பட்டு, சுரங்கத்தார் செலுத்தும் உரிமத் தொகையும் நிலவரிக் கணக்கில் சேர்க்கப்பட்டது. அஃதாவது, கல் வெட்டப்படும் இடத்திலுள்ள ஊராட்சிக்கும் கல்லில் ஒரு சிறு பங்கு என்று ஆயிற்று. பைஞ்சுதை நிறுவனம் ஒன்று இதனை எதிர்த்து வழக்காடியது. 1989 அக்தோபர் 25 அன்று உச்ச முறைமன்றத்தின் எழுவர் ஆயம், உரிமத் தொகை என்பதே ஒரு வரி. அதன்மேல் மேல்வரி விதிக்க மாநிலத்துக்கு ஆற்றல் இல்லை என்று தீர்த்தது. ஊராட்சியின் 45 காசு போயிற்று. 2024 சூலை 25 அன்று அதே மன்றத்தின் ஒன்பதின்மர் ஆயம், எட்டுப் பேர் ஒருமித்தும் ஒருவர் மாறுபட்டும், முன்னைத் தீர்ப்பு பிழையானது. உரிமத் தொகை வரியன்று. கனிம உரிமைக்கு வரி விதிக்கும் ஆற்றல் மாநிலங்களுக்கு உண்டு என்று உரைத்தது. பிழையென்று தெரிய முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அவ்விடைக் காலத்தில் வெட்டிக் கொண்டுபோகப்பட்ட கல்லை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொணராது.

தீர்ப்பு வந்ததும் தமிழ்நாட்டரசு கனிம நிலவரிச் சட்டம் ஒன்றை இயற்றி, 2025 ஏப்பிரல் முதல் சுண்ணாம்புக்கல் டன்னுக்கு 160 உருபா என விதித்தது. தில்லி நிறுவிய தொகையைப்போல் இருமடங்கு! மாநிலத்தின் உரிமை மீண்டதில் மகிழ்ச்சியே. ஆனால் 1964 இன் திருத்தம் ஊராட்சியை நினைத்து எழுதப்பட்டது. 2024 இன் சட்டமோ மாநிலக் கருவூலத்தை நினைத்து எழுதப்பட்டது. தில்லியின் கையிலிருந்து நழுவிய அதிகாரம் சென்னை வரை வந்து நின்றுவிட்டது. அரியலூர்ச் சிற்றூர்களுக்கு வந்து சேரவில்லை.

சென்னை அரசும் தூய கையோடு நிற்கவில்லை. செயங்கொண்டம் சுற்றிய சிற்றூர்களின் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அனல்மின் திட்டத்துக்கென 1990களில் அவ்வூர்களின் பல்லாயிரம் ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. எடுத்த அரசு தமிழர் அரசு. எடுத்த கருவியோ 1894 ஆம் ஆண்டில் வெள்ளையன் இயற்றிய நில எடுப்புச் சட்டம். உழவனின் இசைவைக் கேட்கவேண்டும் என்று ஒரு சொல்லும் அச் சட்டத்தில் இல்லை. கொடுத்த இழப்பீடு போதாதென்று உழவர்கள் ஆண்டுக்கணக்கில் மன்றப் படியேறினர். மின்சாரமோ ஒரு விளக்குக்கும் வரவில்லை. கால் நூற்றாண்டு கழிந்தபின் திட்டம் கைவிடப்பட்டு, நிலம் உரியவர்க்கே திரும்பும் என்று ஆணை பிறந்தது. அதற்குள் நிலத்தைப் பறிகொடுத்த தலைமுறையில் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர். பெரம்பலூர்ப் பக்கம் தொழில் மண்டலம் என்று சொல்லித் திருமாந்துறை சுற்றி ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் வளைக்கப்பட்டு, பல்லாண்டுகள் ஆலையுமின்றி ஏருமின்றிக் கிடந்ததும் இதே கதையின் மற்றோர் இயல்.

1894 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2014 சனவரி முதல் புதிய சட்டம் வந்தது. தனியார்க்கு நிலம் எடுப்பின் உரியவருள் நூற்றுக்கு எண்பதின்மர் இசையவேண்டும். குமுகாயத்துக்கு விளையும் கேட்டையும் முன்னரே ஆய்ந்து சொல்லவேண்டும் என்றது அது. தமிழ்நாட்டரசு என்ன செய்தது? தொழில் நோக்குக்கு நிலம் எடுக்கும் தன் சட்டத்துக்கு இக் கட்டுகள் பொருந்தா என்று ஒரு திருத்தம் இயற்றித் தில்லிக்கு அனுப்பியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். சென்னை உயர் முறைமன்றம் 2019 சூலையில் அதனைச் செல்லாதென்றது. உடனே உயிர்ப்பிப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதற்கும் அவ் வாண்டு திசம்பரிலேயே ஒப்புதல் கிடைத்தது.

இவ் விரைவை மனத்தில் நிறுத்திக்கொண்டு, அரியலூர் மாவட்டக் குழுமூருக்கு வரவேண்டும். சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரின் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். மருத்துவம் பயில அது போதாது, நடுவண் நுழைவுத் தேர்வாகிய நீட் வேண்டும் என்றனர். அதிலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2017 பிப்ரவரியில் இரு சட்ட முன்வரைவுகளை நிறைவேற்றி அனுப்பியிருந்தது. ஒப்புதல் வரவில்லை. அப் பெண் உச்ச முறைமன்றம் வரை சென்று வழக்கில் தம்மையும் சேர்த்துக்கொண்டார். சேர்க்கை நீட் வழியே என்று ஆகத்து 22 இல் அம் மன்றம் ஆணையிட்டது. 2017 செப்தம்பர் முதல் நாள் அனிதாவின் உயிர் பிரிந்தது. 2021 இல் சட்டமன்றம் மறுபடியும் ஒரு முன்வரைவை நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பினார், 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினர், அதற்கும் ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்பிரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

இரண்டும் ஒரே சட்டமன்றம் இயற்றியவை. இரண்டும் அரசமைப்புச் சட்டத்தின் 254 ஆம் உறுப்பின் வழியே ஒரே மேசைக்குப் போனவை. உழவனின் நிலத்தை அவன் இசைவின்றி எடுக்கும் உரிமையைத் தமிழ்நாட்டரசு கேட்டபொழுது தில்லியின் கை இருமுறை ஒப்பமிட்டது. சிற்றூர்ப் பிள்ளை தான் பெற்ற மதிப்பெண்ணால் மருத்துவம் பயிலும் உரிமையைக் கேட்டபொழுது அதே கை இருமுறை மறுத்தது. 1976 இல், நெருக்கடி நிலையின் இருட்டில், கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டதன் விளைவு அன்று யாருக்கும் உறைக்கவில்லை. பட்டியல் மாற்றம் என்பது ஏதோ தாளில் நடக்கும் வேலை என்றே பலரும் எண்ணினர்.

மாவட்டக் கதையும் வேடிக்கையானதே. 1995 இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 சனவரி முதல் நாள் அரியலூர் தனி மாவட்டம். 2002 மார்ச்சு 31 இல் அது மறைந்தது. 2007 நவம்பர் 23 இல் மீண்டும் எழுந்தது. ஆட்சி மாறத் தலைநகரும் மாறியது. இத்தனை முறையும் ஊராரை யாரும் கேட்கவில்லை.

மொழியைச் சொல்லாமல் இதனை முடிக்கவியலாது. இதே அரியலூர் வட்டாரத்துக் கீழப்பழுவூரில் பிறந்த சின்னச்சாமி, 1964 சனவரி 25 அன்று திருச்சியில், தமிழ் வாழ்க என்று தம் உயிரை ஈந்தார். தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்னும் சட்டம் அதற்கு முன்பே, 1956 இல், நிறைவேறியிருந்தது. ஆயினும் செயங்கொண்டத்து உழவன் தன் நிலத்துக்காக மேல்முறையீட்டுக்குப் போனால், சென்னை உயர் முறைமன்றம் அவனுக்கு விளங்காத ஆங்கிலத்தில்தான் தீர்ப்புரைக்கிறது. அங்கே தமிழ் வேண்டும் என்று 2006 திசம்பரில் சட்டமன்றம் ஒருமித்துத் தீர்மானித்தது. தில்லி இசையவில்லை. தன் வழக்கில் தான் வென்றானா தோற்றானா என்பதை வழக்குரைஞரைக் கேட்டே அறியும் ஒருவனைக் குடியரசின் குடிமகன் என்பது எவ்வளவு பொருந்தும்?

குமுகாயத்தின் கையில் இறுதிச் சொல் இருப்பது நடவாத கனவு என்பர் சிலர். ஒடியா நாட்டு நியம்கிரி மலையில் அது நடந்தது. அலுமினியக் கல் வெட்ட வந்த பெருநிறுவனத்துக்கு மலையைத் தரலாமா என்பதை ஊர்மன்றங்களே சொல்லட்டும் என்று 2013 ஏப்பிரலில் உச்ச முறைமன்றம் ஆணையிட்டது. பன்னிரண்டு ஊர்கள் கூடின. பன்னிரண்டும் 'தரமாட்டோம்' என்றன. சுரங்கம் வரவில்லை. அவர்களுக்குத் துணைநின்றது வனவுரிமைச் சட்டம். வனம் இல்லாத அரியலூர்ச் சமவெளிக்கு அத்தகைய சட்டம் இல்லை. இங்கு ஊர்மன்றம் ஒருமனதாக மறுத்தாலும் அம் மறுப்பு சுண்ணாம்புக்கல் உரிமத்தைத் தடுக்கும் வலிமை உடையதன்று.

அத்தகைய சட்டத்தைத் தில்லியிடம் கேட்குமுன் சென்னையிடம் கேட்க இடமுண்டு. கனிம நிலவரியில் ஒரு பகுதி கல் எடுக்கப்படும் ஊராட்சிக்கே நேரே சேரவேண்டும் என்று விதிக்க எவர் ஒப்புதலும் வேண்டா. நில எடுப்பில் தான் கேட்டுப் பெற்ற விலக்கைத் தானே நீக்கிக்கொள்வதற்கும் யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 முதலிய நாள்களில் ஊர்மன்றங்கள் கூடுகின்றன. பெரும்பாலும் முன்னரே எழுதிவைத்த தீர்மானங்களுக்குக் கையொப்பம் வாங்குவதோடு கூட்டம் கலைகிறது. வரும் கூட்டத்தில் செந்துறையிலும் செயங்கொண்டத்திலும் குன்னத்திலும் ஆலத்தூரிலும் உள்ள ஊர்கள் இவ் விரண்டையும் நல்ல தமிழில் எழுதி, படித்துக் காட்டச் செய்து, தீர்மான ஏட்டில் ஏற்றி, அதன் படியொன்றைக் கையோடு வாங்கி வரட்டும்.