தண்ணீர் அறிக்கையைப் படிப்பது எப்படி?

குழாய்த் தண்ணீர் எப்படி என்று கேட்டால், "உப்புக் கரிக்குது", "மருந்து வாடை அடிக்குது" என்போம். நாக்கு சொல்வது அவ்வளவுதான். மீதியை ஆய்வக அறிக்கையில்தான் பார்க்க வேண்டும்.

அதில் பெரும்பாலும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரம்புகள் இருக்கும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரம் வகுத்தவை. முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத ஊருக்குக் காட்டும் சலுகை. கரைந்த உப்புக்கு முதல் வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், அடுத்தது 2000. ஆக, 1800 இருந்தாலும் 'வரம்புக்குள்' என்று எழுதிவிடலாம். அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் குடித்தவருக்குத்தான் தெரியும்!

ஃபுளோரைடு கதை வேறு. வரம்பு 1, சலுகை 1.5. ருசியில் பிடிபடாது, காய்ச்சினாலும் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏற்றியது இதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் இதனால்தான். நைட்ரேட்டுக்குச் சலுகையே கிடையாது. 45 தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

மருந்து வாடையைத் திட்டாதீர்கள், அது குளோரின் வாடை. எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது குழாய்முனையில் இருக்க வேண்டும். ஈ.கோலை கிருமியோ 100 மில்லியில் ஒன்றுகூடக் கூடாது.

இன்னொன்று, மாதிரி எடுத்த இடத்தையும் தேதியையும் பாருங்கள். மேல்நிலைத் தொட்டியில் எடுத்த மாதிரி, சாக்கடையோரமாக ஓடிவரும் உங்கள் தெருக்கோடிக் குழாய்க்குச் சாட்சி சொல்லாது.