வாசலில் போலீஸ் வந்தால்



தெருவில் போலீஸ் ஜீப் வந்து நின்றால் தப்பு செய்தவருக்கு மட்டுமா பயம்? செய்யாதவருக்கும் வயிறு கலங்கும். படித்தவருக்கு, பெரிய உத்தியோகத்தில் இருப்பவருக்கு அந்தப் பயம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்த தமிழர். மதுரையில் பொறியியல் படித்தவர். 1966-இல் தும்பா ராக்கெட் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ராக்கெட் எஞ்சின் செய்வதில் பெரிய விஞ்ஞானி ஆனார். 1994 நவம்பர் 30 அன்று கேரளப் போலீஸ் அவரைக் கைது செய்தது. ராக்கெட் ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்றார் என்பது புகார். வஞ்சியூர் காவல் நிலையத்தில் வழக்கு. ஐம்பது நாள் காவலில் இருந்தார். விசாரணையில் தம்மை அடித்தார்கள், உட்கார விடாமல் நிற்க வைத்தார்கள் என்று பின்னால் சொன்னார். ஊர் அவரைத் துரோகி என்றது.

சி.பி.ஐ. விசாரித்தது. புகாருக்கு ஆதாரமே இல்லை என்று 1996-இல் கோர்ட்டில் சொன்னது. கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. தலை தப்பியதே போதும் என்று இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர் உட்காரவில்லை. போன மானத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். சிவில் வழக்கும் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போனார். 2018 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது. அந்தக் கைதே தேவையில்லாதது. கேரள அரசு எட்டு வாரத்துக்குள் 50 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சிவில் வழக்கைச் சமரசமாக முடிக்க, 2020-இல் அரசு மேலும் 1 கோடியே 30 லட்சம் கொடுத்தது. கைதானபோது அவருக்கு வயது 52. தீர்ப்பு வந்தபோது 76. அந்த வருஷங்களை எந்தப் பணம் திருப்பித் தரும்?

கைது செய்யப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதிகாரம் வேறு, அவசியம் வேறு. இதை உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. நம்பி நாராயணன் கைதாவதற்கு ஏழு மாதம் முன்பே! இப்போது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் இது இருக்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், கைது ஏன் அவசியம் என்று போலீஸ் எழுதி வைக்க வேண்டும். அவசியம் இல்லையென்றால் ‘விசாரணைக்கு வா’ என்று நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும்.

கைது செய்ய வருபவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். வீட்டார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். போடும் முன் தேதியையும் நேரத்தையும் எழுத்துக் கூட்டியாவது படித்துப் பாருங்கள். அந்த நேரம் முக்கியம். பயண நேரம் போக 24 மணிக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். நேரம் மாறினால் கணக்கே மாறிவிடும்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் பரிசோதிக்க வேண்டும். காயம் இருந்தால் அவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். தப்பி ஓடாமல் தடுக்க எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவுதான் போலீஸ் காட்டலாம். வீட்டைச் சோதனை போட்டால் அக்கம்பக்கத்துச் சாட்சிகள் வேண்டும். எடுத்த பொருள்களின் பட்டியலில் ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள்.

“அவர் விஞ்ஞானி, வழக்கு நடத்தினார். நம்மால் முடியுமா?” என்று கேட்கலாம். ஒரிசாவில் நீலாபதி பெஹரா என்ற தாய் இருந்தார். 1987 டிசம்பரில் அவருடைய 22 வயது மகனைப் போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் பிணம் ரயில் பாதையில் கிடந்தது. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். அந்தத் தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்தது. போலீஸ் சொன்னதை நம்பவில்லை. 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் இல்லாமல் வெள்ளைத்தாளில் எழுதலாம். என்ன நடந்தது, எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதினால் போதும். ஆனால் தள்ளிப்போட வேண்டாம். சம்பவம் நடந்து ஓர் ஆண்டு தாண்டினால் ஆணையம் விசாரிக்காது.