பழைய போத்தலும் பாட்டியின் மங்கும்



இன்று நான் பழைய மதுப் போத்தல்களைப் பற்றிப் பேசப் போகிறேன். "போத்தலால் எங்கள் குடும்பங்கள் பட்ட பாடு போதாதா? வாத்தியாருக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா?" என்று தாய்மார்கள் கேட்பது என் காதில் விழுகிறது. உள்ளே இருந்த சரக்கைப் பற்றி நான் பேசவில்லை, அம்மா. அந்தப் போத்தலைச் செய்த கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டத்தில் செம்பனை மறுநடவுக்காக, பழைய துரை பங்களாவின் பின்புறத்தை இயந்திரம் புரட்டிப் போட்டது. அந்த இடத்தில் ஒரு பழைய குப்பைக் குழி இருந்திருக்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அங்கே கிடந்த ஒரு போத்தலைப் புத்தகப் பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டு வந்தான். கறுப்போ என்று ஐயப்படும் அளவுக்குக் கரும்பச்சை நிறம். "ஐயா, பழைய சாமான் வாங்குகிறவர் இதற்கு 5 வெள்ளி தருகிறாராம். கொடுத்துவிடவா?" என்று கேட்டான்.

"கொடுப்பதற்கு முன் அதைப் படித்துப் பார்ப்போமே" என்றேன். பையன் விழித்தான். போத்தலில் ஓர் எழுத்துகூட இல்லை. எழுத்து இல்லாவிட்டால் என்ன? கண்ணாடியையும் படிக்கலாம். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றை ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் உருக்கினால் கண்ணாடிக் குழம்பு கிடைக்கும். மணலில் இரும்புச் சத்து இருந்தால் கண்ணாடி பச்சையாகும். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் அந்தக் குழம்பைத் தேன் எடுப்பது போலச் சுற்றி எடுத்து, மறு முனையில் வாய் வைத்து ஊதுவார்கள். குழம்பு பலூன் போல் உப்பும். ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக மனிதன் இப்படித்தான் கண்ணாடிப் பாத்திரம் செய்து வந்தான்.

இங்கிலாந்தில் 1615ஆம் ஆண்டு, கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பதற்காக, கண்ணாடி உலைகளில் விறகு எரிக்க அரசர் தடை விதித்தார். நிலக்கரி அந்த இடத்தைப் பிடித்தது. உலையின் சூடு கூடியது. கனமான, கறுத்த, உறுதியான மதுப் போத்தல்கள் அங்கே உருவாயின. அந்த நூற்றாண்டின் கடைசியில் அவை வெங்காயத்தைப் போலக் குண்டாக இருந்தன. அடுத்த நூற்றாண்டில் மெல்ல மெல்ல நேரான உருளையாக மாறின. படுக்க வைத்தால்தான் தக்கை நனைந்திருக்கும். காற்றும் உள்ளே புகாது. குண்டுப் போத்தலை அடுக்கிப் படுக்க வைக்க முடியுமா? வடிவம் மாறியதற்கு அதுவே காரணம்.

இனி, பழைய போத்தல் ஒன்று கையில் கிடைத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் அடிப்பாகம். ஊதி முடித்த போத்தலின் வாயைச் சீர்செய்ய, அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கம்பியை உடைத்து எடுப்பார்கள். அந்த இடத்தில் சொரசொரப்பான வடு நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், போத்தலைக் கவ்விப் பிடிக்கும் கருவி வந்தது. வடுவும் குறைந்துபோனது.

அடுத்து உடம்பு. இரண்டு பாதியான அச்சுக்குள் ஊதிய போத்தலில், பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று மேல்நோக்கி ஓடும். சில போத்தல்களை அச்சுக்குள் வைத்துச் சுழற்றுவார்கள். அவற்றில் அந்தக் கோடு அழிந்து, உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக நுண்ணிய கீறல்கள் தெரியும்.

மூன்றாவது வாய். கையால் செய்த போத்தலில் அச்சுக் கோடு கழுத்தோடு நின்றுவிடும். வாய் விளிம்பைத் தனியாகக் கையால்தான் அமைத்தார்கள். இயந்திரம் செய்த போத்தலில் கோடு விளிம்பு வரை ஏறிவிடும்.

எங்கள் மாணவனின் போத்தலைக் கழுவிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். அடியில் வடு இல்லை. உடம்பில் கோடு இல்லை. சுற்றிச் சுற்றி வளையங்கள். வாய் விளிம்பு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. நூறாண்டுக்கு முன் யாரோ ஒருவர் வாயால் ஊதிய போத்தல் என்று கண்டுகொண்டோம்.

அந்த யாரோ ஒருவர் யார்? இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அன்றைய கண்ணாடித் தொழிற்சாலைகளில் பெரியவர்கள் மட்டும் வேலை செய்யவில்லை. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிறுவர்கள் இரவு பகலாக உலையின் அருகே நின்றார்கள். ஊதுகிறவரின் காலடியில் குந்தி அச்சைத் திறந்து மூடுவது ஒருவன் வேலை. சுடச்சுட இருக்கும் போத்தலை ஆறவைக்கும் அறைக்கு ஓடி ஓடித் தூக்கிச் செல்வது இன்னொருவன் வேலை. லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1908 முதல் இந்தச் சிறுவர்களைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார்.

மைக்கேல் ஓவன்ஸ் என்பவரும் அப்படி வளர்ந்தவர்தான். சுரங்கத் தொழிலாளியின் மகன். 10 வயதில் கண்ணாடி உலைக்குக் கரி அள்ளிப் போடப் போனார். பின்னாளில், 1903இல், முழுவதும் தானாகவே போத்தல் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். ஊதும் தொழிலாளர் பலர் வேலை இழந்தார்கள் என்பது உண்மை. உலையடிச் சிறுவர்களின் வேலை ஒழிந்தது என்பதும் உண்மை.

விடியுமுன் தாயோடு காட்டுக்குப் போய், பால் மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் கதை நமக்குத் தெரியும். உங்களில் சிலர் அந்தப் பிள்ளைகளாகவே இருந்திருப்பீர்கள். துரையின் மேசையில் நின்ற அந்தப் போத்தலுக்குப் பின்னாலும் நம்மைப் போன்ற தொழிலாளர் குடும்பம் ஒன்று இருந்திருக்கிறது.

கோலிச் சோடாப் போத்தல் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு 1872இல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். வாயின் உட்புறத்தில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. சோடாவின் வாயு கோலியை வளையத்தோடு சேர்த்து அழுத்தி மூடிக்கொள்ளும். கோலிக்காகப் பிள்ளைகள் போத்தலை உடைத்தார்கள். அதனால் உடையாத பழைய போத்தலைச் சேகரிப்போர் தேடுகிறார்கள்.

போத்தல் பக்கம் இருக்கட்டும். நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். தட்டுகளையும் மங்குகளையும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முத்திரை இருக்கலாம். நாட்டின் பெயர் அச்சிடப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்த காலம் அது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால், போருக்குப் பின், 1952க்குள் செய்த பொருள் என்று கொள்ளலாம்.

என் பாட்டியிடம் சேவல் படம் போட்ட மங்குகள் நான்கு இருந்தன. தொண்ணூறுகளில் எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது, அம்மா அவற்றைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்று வாளிதான் தேவைப்பட்டது. ஆனால் பாட்டி கஞ்சி குடித்த மங்கு எப்படி இருந்தது என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட, இன்று என்னிடம் ஒன்றுகூட இல்லை.

ஆகவே நேயர்களே, சில யோசனைகள். பழைய கண்ணாடியைச் சாம்பலோ மணலோ போட்டுத் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும். கொதிநீர் ஊற்றினால் வெடித்துவிடும். மண்ணில் கிடந்த கண்ணாடியில் வானவில் போன்ற படலமோ வெள்ளை மங்கலோ இருந்தால் விட்டுவிடுங்கள். அது அழுக்கு அன்று, கண்ணாடியே அரித்துப்போனது. பழைய தட்டுகளின் மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து இழுக்கும். அவற்றைப் பார்வைக்கு வையுங்கள். பிள்ளைகளுக்கு ரசம் ஊற்றிக் கொடுக்காதீர்கள். குப்பைக் குழிகளைப் பிள்ளைகள் தாமாகத் தோண்ட விடாதீர்கள். நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வேண்டும். முக்கியமான பழம்பொருள் என்று தோன்றினால் மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் சொல்கிறது.

பழைய போத்தல் உங்களைப் பணக்காரராக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். பெரும்பாலானவை அதிக விலை போகா. ஆனால் ஒரு காகிதத்தில், யாருடையது, எங்கே கிடைத்தது, எதற்குப் பயன்பட்டது என்று மூன்று வரி எழுதி அதனுடன் வையுங்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடி. காகிதம் இருந்தால் அது ஒரு குடும்பத்தின் வரலாறு, ஒரு தோட்டத்தின் வரலாறு. தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மறைந்து வரும் காலம் இது. நம்மை விட்டால் அதை யார் எழுதி வைப்பார்கள்?

எங்கள் மாணவன் போத்தலை விற்கவில்லை. நிர்வாகியிடம் கேட்டு, வகுப்பறை அலமாரியில் வைத்தோம். பக்கத்தில் அவன் கையெழுத்தில் மூன்று வரி இருக்கிறது. மூன்றாவது வரி இது: "இதை ஊதியவர் பெயர் தெரியவில்லை."

இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும், வீட்டில் உள்ள மிகப் பழைய தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அது யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்.