பலகை சொல்லாமல் விட்ட தொழில்



1946இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலையும் அமெரிக்கக் கறுப்பர்கள் நிலையும் ஒத்திருப்பதால், அதைப் படிப்பது இயல்பானது மட்டுமல்ல, அவசியமானதும்கூட என்றார். அந்த உறவைப் பற்றிக்கொண்டுதான் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் கவுண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது.

யார் இந்த நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட்? அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கச் சண்டையிட்ட தென்மாநிலங்களின் குதிரைப்படைத் தளபதி. 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில், சரணடைந்த கறுப்பினச் சிப்பாய்களை அவர் படை கொன்று குவித்தது. போருக்குப் பின் கு கிளக்ஸ் கிளானின் முதல் தலைவர். 1908இல் உருவான கவுண்டிக்கு இவர் பெயரை வைத்தார்கள். வைத்தது யார்? 1890ஆம் ஆண்டின் மிசிசிப்பி அரசியல் சட்டம் தலைவரி, எழுத்தறிவுச் சோதனை என்று காரணம் காட்டி, கறுப்பர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து விரட்டியிருந்தது. பெயர் வைக்கையில் அவர்களைக் கேட்கும் தேவையே எழவில்லை.

போருக்கு முன் ஃபாரஸ்ட் மெம்பிஸ் நகரில் வாழ்ந்தார். அவர் வீடிருந்த இடத்தில் 1955இல் ஒரு நினைவுப் பலகை நட்டார்கள். வியாபாரத்தால் செல்வந்தரானார் என்றது பலகை. அது பொய்யில்லை. என்ன வியாபாரம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டது. அவர் விற்றது மனிதர்களை. ஆவணங்களைத் தேடி எடுத்தவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். 2018 ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங் அதே நகரில் கொல்லப்பட்ட 50ஆம் ஆண்டு நாளில், அந்த அடிமை வியாபாரத்தைச் சொல்லும் புதிய பலகை அருகிலேயே எழுந்தது.

மீண்டும் ஃபாரஸ்ட் கவுண்டிக்கு வருவோம். அங்கே வெர்னான் டாமர் என்ற கறுப்பின விவசாயி மளிகைக்கடையும் வைத்திருந்தார். வாக்குரிமைக்கான தலைவரியைத் தன் கடையிலேயே கட்டலாம், இல்லாதவர்களுக்குத் தானே உதவுவதாக வானொலியில் அறிவித்தார். 1966 ஜனவரி 10 அதிகாலையில் கிளான் ஆட்கள் அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். குடும்பம் தப்பும்வரை அவர் துப்பாக்கியோடு எதிர்த்து நின்றார். நுரையீரல் வெந்து அன்றே இறந்தார். அப்போது அவருடைய 4 மகன்கள் அமெரிக்க ராணுவத்தில் இருந்தார்கள். சீருடையோடு வந்து, எரிந்த வீட்டின் முன் நின்றார்கள். கொலைக்கு உத்தரவிட்டவனுக்குத் தண்டனை கிடைக்க 1998 ஆனது.

2020 ஜனவரியில் கவுண்டி நீதிமன்றத்தின் முன் டாமருக்குச் சிலை வைத்தார்கள். கவுண்டியின் பெயர் இன்றும் ஃபாரஸ்ட்தான். ஆனால் கிளான் தலைவரின் பெயர் தாங்கிய நீதிமன்றத்துக்குப் போகிறவர், கிளான் கொன்றவரின் சிலையைப் பார்த்துத்தான் போக வேண்டும். இது முழு வெற்றி அல்ல; வாக்குரிமை வந்த பிறகே வாய்த்த மாற்றம்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊர்க் கல்வெட்டையும் பெயர்ப்பலகையையும் படியுங்கள். வள்ளல் என்றால், யார் உழைப்பில் வள்ளல் என்று கேளுங்கள். வீரர் என்றால், யார்மேல் காட்டிய வீரம் என்று கேளுங்கள். விடையை ஆவணத்தோடு எழுதிக் கொண்டுவாருங்கள்.