பிழையோடு பேசிப் பழகுதல்

(த பேசின் வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கும் மூத்தோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விக்டோரியாவின் பாடசாலைகள் பலவற்றில் யப்பானிய மொழி கற்பிக்கப்படுகின்றது. அதனால் தமிழ் வீடுகளுக்குள்ளும் அம்மொழி மெல்ல நுழைந்துவிட்டது. சொற்பட்டியலை ஒப்புவித்து நல்ல புள்ளி பெறும் பிள்ளை, உணவகத்தில் யப்பானியர் ஒருவர் நலம் விசாரித்ததும் வாயடைத்து நிற்பதுண்டு. பிள்ளைக்குப் பாடம் தெரியாமல் இல்லை. பிழை வந்துவிடுமோ என்ற அச்சமே நாவைக் கட்டுகின்றது.

தேர்வுகளும் இவ்வச்சத்தைப் போக்குவதில்லை. யப்பானிய மொழித் திறன் தேர்வு என்5 தொடங்கி என்1 வரை ஐந்து படிகளைக் கொண்டது. சொல்லறிவும் இலக்கணமும் வாசிப்பும் செவிமடுத்தலும் அதில் சோதிக்கப்படுகின்றன. பேச்சுக்கென ஒரு வினாவும் இல்லை. ஆகவே உயர்படியில் சித்தியடைந்தவரும் ஒரு தேநீர் கேட்டு வாங்கத் தடுமாறக்கூடும்.

உண்மையில் தமிழ்ப் பிள்ளைக்கு இம்மொழி அவ்வளவு அந்நியமன்று. வினை வாக்கியத்தின் இறுதியில் வருகின்றது. வேற்றுமை உருபு போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னே நிற்கின்றன. "நான் கடையில் பாண் வாங்கினேன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே ஒழுங்கில் யப்பானிய மொழியில் கூறலாம். அங்கும் அதற்குப் பெயர் 'பன்' தான். இலங்கைக்கும் யப்பானுக்கும் அச்சொல்லைக் கொண்டுசென்றவர்கள் போர்த்துக்கேயர்.

குறில், நெடில் வேறுபாடும் அங்கே உண்டு. 'ஒபசான்' என்றால் மாமி அல்லது சித்தி. 'ஒபாசான்' என்றால் பாட்டி. நெடிலைச் சற்றே நீட்டினால் நடுத்தர வயதுப் பெண்மணி பாட்டியாகிவிடுவார். தமிழர் வழுக்கும் இடம் வேறு. தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே வரும் தனிக் ககரம் மென்மையாகவே ஒலிக்கும். 'ககி' என்று எழுதிவைத்துப் படித்தால், வல்லொலியுடன் கூற வேண்டிய பழத்தின் பெயர் மெல்லொலியில் வந்து, பழம் கேட்டவர் திறப்புக் கேட்டவராகிவிடுவார். தமிழ் எழுத்தால் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது. வாய்விட்டுச் சொல்லி, எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைக் கண்டுதான் திருத்திக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையில் நடந்தவர் பேராசிரியர் சுசுமு ஓனோ. 1919இல் பிறந்த அவர் பழைய யப்பானிய மொழியில் பேரறிஞர். ஏறத்தாழ அறுபது வயதில் தமிழ் கற்கத் தொடங்கினார். சென்னையில் பொற்கோ அவர்களும், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பேராசிரியர் அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியினரும் அவருடைய ஆய்வுக்குத் துணைநின்றனர். இரு மொழிகளும் உறவுடையவை என்ற அவரது முடிவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அது வேறு வழக்கு. தம் துறையில் உச்சத்தில் இருந்தவர், அந்த வயதில் அரிச்சுவடி மாணவராக அமர்ந்தார் என்பதே இங்கு கருதத்தக்கது.

இனி, சற்றுக் கசப்பான செய்தி. வகுப்பறையில் துணிந்து யப்பானிய மொழி பேசும் பிள்ளை, வீட்டில் தமிழ் பேச மறுப்பதேன்? "அம்மம்மா வந்தது" என்று பிள்ளை சொன்னவுடன் விருந்தினர் முன் சிரிப்பு எழுகின்றது. அன்பான சிரிப்புத்தான், ஆயினும் அடுத்த முறை அப்பிள்ளை ஆங்கிலத்தில் விடையளிக்கும். யப்பானிய ஆசிரியர் சிரிப்பதில்லை. திருத்திய வடிவத்தைத் தாமே ஒருமுறை கூறிவிட்டு உரையாடலைத் தொடர்கின்றார். "ஓம், அம்மம்மா வந்தா. என்ன கொண்டுவந்தா?" என்று வீட்டிலும் கேட்கலாம். விக்டோரிய மொழிகள் பாடசாலை 1935இல் யப்பானிய, இத்தாலிய வகுப்புகளுடனேயே தொடங்கியது. இன்று அங்கு தமிழும் கற்பிக்கப்படுகின்றது. இரண்டையும் ஒரே பிள்ளை கற்பதற்குத் தடையேதுமில்லை.

மூத்தோரின் ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும். குடியேறிய வயது வந்தோருக்கான ஆங்கிலப் பயிற்சித் திட்டத்தில் 510 மணி நேர வரம்பு 2021இல் நீக்கப்பட்டது. தகுதியுடையோர் அவசரமின்றிக் கற்கலாம். கடையிலும் பேருந்திலும் அயலவரிடமும் பிழையோடு பேசுங்கள்.

ஆனால் சத்திரசிகிச்சைக்கான ஒப்புதல் படிவம், வாடகை ஒப்பந்தம், நீதிமன்ற அழைப்பாணை ஆகியவை பழகிப் பார்க்கும் இடங்களல்ல. அங்கே "யெஸ்" என்ற ஒரு சொல் உரிமையையே இழக்கச் செய்யலாம். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதும் முறையன்று. தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற இலக்கத்தில் அழைத்து, "தமிழ்" என்று மட்டும் கூறினால் போதும். பொது மருத்துவமனையில் உரைபெயர்ப்பாளருக்காக நோயாளி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சந்திப்பைப் பதிவுசெய்யும்போதே கேட்டுவிடுங்கள்.