வான்கோழி விருந்தும் மறுநாள் சட்டியும்



பண்டிகைச் சமையலைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் படித்தது ஊடகத் துறை. சமையல் கலை அல்ல. இருந்தாலும், ஒருமுறை தவறு செய்து பாடம் கற்றவள் என்ற முறையில் உங்கள் முன் நிற்கிறேன்.

என் கணவர் வீட்டார் கிறிஸ்துவர்கள். திருமணமான முதல் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி சமைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பதுபோல, ரொட்டித் துண்டுகள், வெங்காயம், செலரி கலந்த ஸ்டஃபிங்கை அதன் வயிற்றுக்குள் இறுக்கி அடைத்தேன். தோல் பொன்னிறமானதும் இறக்கிவிட்டேன். விருந்தினர்கள் வந்து போனார்கள். மிச்சம் இரவு வரை மேசையிலேயே இருந்தது. விடிவதற்குள் என் மாமனாருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் நீர் ஏற்றினார்கள். அத்தை என்னை ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

நான் செய்த தவறுகள் இரண்டு.

முதலாவது, ஸ்டஃபிங். பச்சை இறைச்சியின் நீர் ரொட்டிக்குள் ஊறிவிடும். அடுப்பின் சூடு நடுப்பகுதிக்குக் கடைசியில்தான் போய்ச் சேரும். அந்த நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால்தான் கிருமிகள் சாகும். அதுவரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி சக்கையாகக் காய்ந்துவிடும். எனவே ஸ்டஃபிங்கைத் தனித் தட்டில் வேகவைத்துவிடுங்கள். ஒரு நாள் பழைய ரொட்டி அரை கிலோ, 100 கிராம் வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் செலரியும், இரண்டு கோப்பை கோழிச்சாறு, ஒரு முட்டை. 180 டிகிரியில் சுமார் 45 நிமிடம் போதும். வான்கோழியின் வயிற்றில் வாசனைக்கு ஒரு எலுமிச்சையும் வெங்காயமும் வைத்தால் போதுமானது. உறைந்த வான்கோழியைத் தொட்டியில் போட்டு இளக்காதீர்கள். ஐந்து கிலோ என்றால் குளிர்பதனப் பெட்டியில் ஏறக்குறைய மூன்று நாள் இருக்கட்டும்.

இரண்டாவது, மிச்சம். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்பே எடுத்து வைப்பது நல்லது. இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று, நான்கு நாள்களுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

அதற்கு நம் மலாக்காவிலேயே அருமையான வழி இருக்கிறது. அங்குள்ள போர்ச்சுகீசிய வம்சாவளியினர் கிறிஸ்துமஸ் மிச்சத்தில் 'டெபல்' கறி வைப்பார்கள். காய்ந்த மிளகாய், வெங்காயம், இஞ்சி, புவா கெராஸ் ஆகியவற்றை அரைத்து வதக்கி, கடுகும் வினிகரும் சேர்த்து, இறைச்சியைப் போட்டுக் கொதிக்க விடவேண்டும். எலும்பைத் தனியே வேகவைத்தால் கஞ்சிக்கு நல்ல சாறு கிடைக்கும். ஆனால் ஒன்று: இரவெல்லாம் மேசையில் கிடந்த இறைச்சியை எந்தக் காரமும் காப்பாற்றாது. அதைக் கொட்டிவிடுங்கள்.

இப்போதும் 26ஆம் தேதி எங்கள் வீட்டு டெபல் சட்டியில் முதல் கரண்டி என் மாமனாருக்குத்தான். தட்டை நீட்டும்போதே கேட்பார்: "எத்தனை மணிக்கு ஐஸ்பெட்டியில வச்சேம்மா?"

அதே கேள்வியை உங்களிடமும் கேட்டு விடைபெறுகிறேன்.